வேலைக்கு இளமை, ஆசைக்கு முதுமையா?

போன மாதம் ஏதோ விவரம் எடுப்பதற்காக எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். மருமகன் முற்றத்தில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குசினியில் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். இடுப்பைக் கட்டிக்கொண்டு சின்னவன், என் பேரன். வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, தொழில் என்று வரிசையாகக் கேட்டு என் பெயருக்கு வந்தார்கள். “மாமிக்குத் தொழில் இல்லை. சும்மா வீட்டில்தான் இருக்கிறார்” என்றார் மருமகன். அந்தப் பிள்ளை கட்டத்தில் ஒரு கோடு போட்டது.

மருமகன் நல்ல மனிதர். என்னைக் குறைத்துப் பேச வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதனால்தான் அந்தச் சொல் எனக்கு இத்தனை நாளாக ஆறவில்லை. ஒருவர் கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். வீட்டில் எல்லோருமே உண்மை என்று நம்புகிற ஒன்றைத்தான் அவர் இயல்பாகச் சொன்னார்.

எனக்கு 55 வயது. ஊர் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடி. 48 வயதிலேயே அம்மம்மா ஆகிவிட்டேன். மகள் ஆசிரியை. பள்ளிக்கூடம் படுவான்கரையில். குருமண்வெளித் துறைக்குப் போய், ஸ்கூட்டியைப் பாதையில் ஏற்றி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் போக வேண்டும். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் அந்த மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். அதைத் தவறவிட்டால் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து பிந்திவிடும். ஆகவே மகள் ஆறு மணிக்கே படலையைத் தாண்ட வேண்டும். மகள் ஆறுக்குப் போவதென்றால் நான் நாலுக்கு எழும்ப வேண்டும். இந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது.

பிட்டு அவித்து, சொதி வைத்து, மூன்று சாப்பாட்டுப் பெட்டி கட்டி, மூத்தவளை எழுப்பித் தலை இழுத்து இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளை றிபனை மடித்துக் கட்டி, சப்பாத்துக்கு வெள்ளை பூசி, சின்னவனுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, முன்பள்ளியில் விட்டு வரும்போது வெயில் ஏறிவிடும். பிறகு மீன்காரர், உடுப்பு, வளவு கூட்டல், மத்தியானச் சோறு. பள்ளிக்கூடம் விட்டு வந்த இருவருக்கும் சோறு தீத்துவது மட்டும் ஒரு மணித்தியாலம். அதற்குள் கதை சொல்ல வேண்டும், காகத்தைக் கூப்பிட வேண்டும், சண்டை தீர்க்க வேண்டும். மூத்தவளின் பாடத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன், தெரியாததை அவளிடமே கேட்டுப் படிக்கிறேன். பொழுதுபடக் கிணற்றடியில் இருவரையும் குளிக்க வார்த்து, விளக்கு வைத்து, தேவாரம் சொல்ல வைத்து, நுளம்பு வலை கட்டி முடிக்கும்போது எனக்கு முதுகு நிமிராது. காய்ச்சல் என்றால் கொத்தமல்லி அவிப்பதும் இரவு முழுக்க நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதும் நான்தான். மகளுக்கு மறுநாள் பாதை இருக்கிறதே.

இதில் எதையும் நான் சுமை என்று சொல்ல வரவில்லை. சின்னவன் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கும்போது எனக்கு வேறெதுவும் தேவைப்படுவதில்லை. ஆனால் அன்போடு செய்கிற வேலையும் வேலைதான்.

எங்கள் பகுதி வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் ஆனாலும் முஸ்லிம்கள் ஆனாலும், வீடு பெண் பிள்ளைக்கு. கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். குடி என்கிற குலமும் தாய் வழியில்தான் வரும். இந்த வீடு என் அம்மாவுடையது. 1991இல் எனக்குச் சீதனமாக வந்தது. 2016இல் நான் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். இது நல்ல வழக்கம் என்று நான் மனதார நம்புகிறேன். பெண் பிறந்த வளவிலேயே வாழ்கிறாள். பிள்ளைப்பேறு என்றால் பக்கத்து அறையில் தாய் இருக்கிறாள். மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைக்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரு பெண்ணை அவள் வீட்டிலிருந்து யாரும் இறக்கிவிட முடியாது. வேறு ஊர்களில் கல்யாணத்தோடு தாயைப் பிரிந்து போகும் பெண்களைப் பார்க்கும்போது எங்கள் மூதாட்டிகள் எவ்வளவு புத்தியோடு இதை அமைத்திருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

ஆனால் உறுதிப் பத்திரத்தில் எழுதியது வளவும் வீடும் கிணறும் தென்னை மரங்களும் மட்டுமே. என் கைகளை யாரும் எழுதவில்லை. அவையும் வீட்டோடு சேர்ந்து கைமாறிவிட்டன என்று எல்லோரும் எண்ணிக்கொண்டதுதான் பிழை.

என் தையல் இயந்திரத்தைச் சொல்கிறேன். சிங்கர் மெஷின். கல்யாணத்துக்கு முன்பே பழகிய தொழில். சீலைச் சட்டை, பாவாடை, வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடை. தை மாதம் வந்தால் எங்கள் விறாந்தையில் வெள்ளைத் துணி குவிந்து கிடக்கும். 1990இல் சண்டை தொடங்கி ஊர் ஊராக ஓடியபோதும், சுனாமியில் மதில் விழுந்து எல்லாவற்றையும் இழந்து நின்றபோதும், திரும்பி எழும்பியது அந்தத் தொழிலால்தான். இப்போது மெஷினுக்கு மேல் பழைய படுக்கை விரிப்புப் போர்த்திக் கிடக்கிறது. சின்னவன் ஊசியில் கை வைத்துவிடுவான் என்ற பயத்தில் நான்தான் போர்த்தினேன். இரண்டு வருடத்துக்கு என்று நினைத்துப் போர்த்தியது. இன்னும் எடுக்கவில்லை. சட்டை தைக்கத் துணியோடு வருகிற கூட்டாளிகளிடம் நேரமில்லை என்று சொன்னால், “என்ன கா, வீட்டில்தானே இருக்கிறாய்?” என்று கேட்கிறார்கள். பெண்களே அப்படிக் கேட்கும்போது நான் யாரிடம் போய் முறையிடுவது?

உடம்பைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன், எங்கள் வயதுப் பெண்கள் இதை எழுதுவதில்லை. மாதவிடாய் நிற்கும் காலம் எனக்கு லேசாகக் கழியவில்லை. திடீரென்று உடம்பெல்லாம் தணலாகும். இரவில் வியர்த்து நனைந்து எழும்பி முற்றத்தில் போய் நிற்பேன். காரணமில்லாமல் அழுகை வரும். அந்த நேரத்தில்தான் சின்னவன் கைக்குழந்தை. மாதா மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன், நிறை பார்த்தேன், ஊசி போடுவித்தேன், திரிபோஷா சத்துமா வாங்கி வந்தேன். கிளினிக்குகளில் பெண்களுக்கென்று சுகவனிதையர் கிளினிக்கும் நடத்துகிறார்கள். பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். அந்த அறிவித்தல் ஒட்டிய சுவருக்கு முன்னால், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை முறை உட்கார்ந்திருப்பேன்! எனக்கென்று ஒரு நாள் போகவில்லை. கடைசியில் மருத்துவமாதுதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, அடுத்த கிழமை பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள்” என்றார். போனேன். பிரஷர் ஏறியிருந்தது. இதை வாசிக்கிற அம்மம்மாமாருக்குச் சொல்கிறேன், போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் கிளினிக் அட்டையில் ஒரு திகதி தவறவிடாத நாம் நம் திகதியை ஏன் விடுகிறோம்?

இனி உண்மையில் இந்தப் பதிவை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறேன்.

என் அம்மா கதிர்காமத்துக்கு நடந்து போனவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, பிள்ளைகளைக் கரை சேர்த்த பிறகு, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து நடந்தார். காரைதீவு, திருக்கோவில், பொத்துவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி, குமுக்கன் ஆற்றில் குளித்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் தாண்டி மாணிக்க கங்கையைக் கண்ட கதையை எனக்கு நூறு முறை சொல்லியிருப்பார். அந்த நடையில் யாருக்கும் பெயர் கிடையாதாம். சின்னவர் பெரியவர் எல்லோரும் ஒருவரை ஒருவர் “சாமி” என்றுதான் கூப்பிடுவார்கள். “அந்தக் காட்டுக்குள் நான் யாருக்கும் அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை மனே, வெறும் சாமி” என்பார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

எனக்கும் ஒரு நாள் என்று நினைத்திருந்தேன். நான் 1970இல் பிறந்தவள். எட்டு வயதில் 78 சூறாவளி. இருபது வயதில் அகதி முகாம். மகளுக்கு 11 வயதாக இருக்கும்போது சுனாமி. போர்க்காலத்தில் உகந்தைக் காட்டுப் பாதை பல ஆண்டுகள் நடக்க முடியாமலே கிடந்தது. 2009இல் சண்டை முடிந்தபோது மகளின் படிப்பு, பிறகு அவள் கல்யாணம், பிறகு பேறு. எங்கள் தலைமுறைப் பெண்கள் யாரைக் கேட்டாலும் ஊரின் பெயரை மட்டும் மாற்றி இதே கதையைத்தான் சொல்வார்கள். எங்கள் இருபதுகளை யாரும் திருப்பித் தரப் போவதில்லை. கையில் மிஞ்சியிருப்பது இந்த ஐம்பதுகள்தான். முழங்கால் இன்னும் கேட்கிறது, கண் இன்னும் தெரிகிறது.

சித்திரை முடிந்த கையோடு ஓர் இரவு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். “இந்த முறை காட்டுப் பாதை திறந்ததும் நான் நடக்கப் போகிறேன்.”

மகள் முதலில் கேட்டது, “அப்படியென்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது?”

என் கணவர் கேட்டது, “இந்த வயதில் காட்டுக்குள் நடப்பதா?”

இந்த இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணற்றில் நாற்பது வாளி தண்ணீர் அள்ள எனக்கு வயது சரியாக இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வயது சரியாக இருக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கும் சரியாக இருக்கிறது. நான் ஒன்றை விரும்பிவிட்டேன் என்றதும் கிழவியாகிவிட்டேன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே அறுபதைத் தாண்டியவரைத்தான் முதியவர் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு நான் இன்னும் முதியவள் ஆகவில்லை. என் வீட்டுக்கு மட்டும் நான் தேவைக்கேற்ப இளையவளாகவும் முதியவளாகவும் இருக்க வேண்டுமா?

என் கணவர் மூன்று முறை நடந்து போய் வந்தவர். ஒவ்வொரு முறையும் புறப்படுவதற்கு முதல் நாள் இரவுதான் சொன்னார். பை கட்டிக் கொடுத்தது நான். அவரிடம் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அறுபதிலும் வெல்லாவெளிப் பக்கம் வயலுக்குப் போகிறார், படிவத்தில் அவருக்கு விவசாயி என்று எழுதினார்கள். இதை அன்று இரவு அவரிடமே சொன்னேன். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எழும்பிப் போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் கதை குறைவு.

மூன்றாம் நாள் மகள் என் அறைக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். “அம்மா, நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். நீங்கள் இல்லாவிட்டால் எப்படி என்று பயம் வந்துவிட்டது” என்றாள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. அவளைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. வாவிக்கு அக்கரையில் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு ஓடி வருகிற தாய் அவள். ஆனாலும் என் பிள்ளை என்பதற்காக நான் சொல்ல வேண்டியதை விழுங்க மாட்டேன். சொன்னேன்: பிள்ளைகளை நான் பார்ப்பேன், கடைசி மூச்சு வரை பார்ப்பேன். என்னிடம் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். கல்யாண வீட்டுக்கோ கூட்டத்துக்கோ போகும் முன் “அம்மா இருக்கிறார்தானே” என்று உங்களுக்குள்ளேயே முடித்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு மெஷினில் உள்ள விரிப்பை எடுக்கப் போகிறேன், அந்த நேரம் பிள்ளைகள் உங்களோடு இருக்கட்டும். அடுத்த முறை யாராவது படிவத்தோடு வந்தால் தையல் என்று எழுதச் சொல்லுங்கள்.

மகள் தலையாட்டினாள். லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்குக் கிடைக்காத நாட்களை மருமகன் எடுப்பதாகப் பேச்சு. கணவர் தன் பழைய பயணப் பையைக் கழுவி வெயிலில் போட்டிருந்தார். எனக்கா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மகள் ஆறு மணிக்கே போய்விடுவதால் தலை இழுப்பதுதான் பெரிய கேள்வியாக நின்றது. நான் போன பிறகு திண்டாடக் கூடாது என்று மருமகன் இப்போதே பழகுகிறார். நேற்றுக் காலை மூத்தவளை முற்றத்துக் கதிரையில் இருத்தி அரை மணித்தியாலம் பின்னினார். ஒரு பின்னல் காதுக்கு மேலே, மற்றது காதுக்குக் கீழே. றிபன் ஒரு பக்கம் தளர்ந்து தொங்கியது. அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குசினி வாசலில்தான் நின்றேன். கை துறுதுறுத்தது. அவிழ்த்துப் பின்ன இரண்டு நிமிடம் போதும்.

நான் கிட்டப் போகவில்லை. அவள் அப்படியே பள்ளிக்கூடம் போனாள்.