அப்பா அம்மா ச்சுவான்ஜோவில் இருக்கிறார்கள்

சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னிடம் முதலில் கேட்பது, "அப்பா அம்மாவை எப்போ கூட்டிட்டு வரப்போறே?" என்பதுதான். ஏதோ நான்தான் அவர்களைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி. அவர்கள்தான் என்னைச் சென்னையில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் ஊரில் என்பதுதான் நமக்குப் பழகிய வரிசை. மகளின் பிரசவத்துக்கு அம்மா ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்தால் பெருமை. அப்பாவுக்கு வேலை கிடைத்து அம்மாவும் கூடப் போனால் மட்டும் "பாவம், இந்த வயசுல".

அப்பா ஆம்பூர்க்காரர். முப்பது வருஷம் ஷூ கம்பெனிகளிலேயே கழித்தவர். தோலைத் தடவிப் பார்த்தே எங்கே மடங்கும், எங்கே விரியும் என்று சொல்லிவிடுவார். அவரைச் சீனாவில் ஜின்ஜியாங்குக்குக் கூப்பிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அன்டா, எக்ஸ்டெப், 361 டிகிரி என்று சீனர்கள் காலில் போட்டுத் திரியும் ஷூக்கள் எல்லாம் அந்த வட்டாரத்தில் பிறந்தவை. ஃபூஜியான் மாகாணத்தில், தைவானுக்கு எதிர்க்கரையில், ச்சுவான்ஜோ நகரத்துக்குக் கீழே வரும் ஊர் அது. பெயரைச் சொன்னால் "ஷாங்காய் பக்கமா?" என்பார்கள். இல்லை. சியாமெனில் இறங்கி ரயில் பிடித்தால் அரை மணி நேரம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரலில் நானும் அவர்களைத் திரும்பக் கூட்டிவரும் எண்ணத்தோடுதான் போனேன்.

போன அன்றே ஒரு வேலை இருந்தது. அங்கே ஓட்டலில் தங்காமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும். அப்பா ஃபேக்டரிக்குப் போயிருந்தார். அம்மாதான் என்னைக் கூட்டிப்போனார். ஆம்பூரில் பேங்குக்குக்கூட அப்பா துணை இல்லாமல் போகாத அம்மா, போலீஸ்காரரிடம் என்னைக் காட்டி "ந்யூ அர்" என்றார். மகள் என்று அர்த்தமாம். ஃபார்ம், வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் வரிசையாக வைத்திருந்தார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் மார்க்கெட்டில் வெண்டைக்காய்க்குப் பேரம். கடைக்காரப் பையன் அம்மாவை "ஆயி" என்று கூப்பிட்டான். அங்கே அத்தை, சித்தி வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் காதில் வேறு மாதிரி விழுகிறது, அவ்வளவுதான்.

அந்த ஊரின் மரம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்க்கோ போலோ ச்சுவான்ஜோ துறைமுகத்தை ஜைதூன் என்று எழுதினார். அது 'சித்தோங்' என்ற மரத்தின் பெயரிலிருந்து வந்தது. பூங்காவில் சிவப்பாய்ப் பூத்து நின்ற அந்த மரத்தைப் பார்த்தால், நம்ம கல்யாண முருங்கை! அம்மா அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துப் பத்து இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். ராத்திரி அரிசியோடு மிளகும் சீரகமும் வைத்து அரைத்து அடை தட்டினார். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பச்சையாக. மார்க்கோ போலோவுக்குக் கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ச்சிதியான் என்ற கிராமத்துக்குப் போனோம். ஒரு சின்னக் கோயில். உள்ளே கல்லில் நான்கு கை அம்மன், இரண்டு பக்கமும் பணிப்பெண்கள். நம் ஊர்ச் சிற்பம் என்று பார்த்தவுடனே தெரிகிறது. கிராமத்தார் அவளைக் குவான்யின் என்று, பௌத்தர்களின் கருணைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஆரஞ்சுப் பழம் வைத்திருந்தார்கள், ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அம்மா வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். என் கல்யாணம்தான் என்று நினைத்துக்கொண்டு, "என்ன வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன்.

"அப்பா பர்மிட் ரெனியூவல்."

ச்சுவான்ஜோவில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த கதை உங்கள் வாட்ஸப்பிலும் வந்திருக்கும். "சீனாவை ஆண்ட தமிழன்" என்று தலைப்புப் போட்டு, நான்கு ஆச்சரியக்குறியோடு. தயவுசெய்து அந்தக் கல்வெட்டை ஒருமுறை படியுங்கள், சில வரிகள்தான். சகாப்தம் 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சுரம் என்று சிவனை எழுந்தருளச் செய்கிறார். எதற்கு? கான் உடம்பு நன்றாக இருக்க. அன்று அங்கே ஆட்சி மங்கோலிய அரசர் குப்லாய் கானுடையது. கடைசியில் "பர்மான்படி" என்று வருகிறது. அதாவது ஆணை வாங்கித்தான் செய்திருக்கிறார். இதில் ஆண்டது யார்? பிழைக்கப் போன இடத்தில் முறையாக அனுமதி வாங்கி, ராஜா நல்லா இருக்கட்டும் என்று சாமி வைத்த ஒரு மனுஷர். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அவருக்கும் ஒரு அத்தை இருந்து, "எப்போ திரும்பி வருவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாட்டி போனபோது அவர்களால் முகம் பார்க்க முடியவில்லை. விமானம் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. குடும்ப வாட்ஸப் குரூப் அங்கே நேரடியாகத் திறக்காது, அதனால் பாதிச் செய்தி அவர்களுக்கு என் வழியாகத்தான் போகிறது. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும். ஆனால் துபாயில் இருக்கும் என் வயசுக்காரர்களுக்கும் இதே கஷ்டம் உண்டு. அவர்களை யாரும் பாவம் என்பதில்லை.

கூட்டிவரும் பேச்சை நான் எடுக்கவே இல்லை. கிளம்பும் முந்தின ராத்திரி அப்பாவே, "அங்க வந்து என்னம்மா பண்ணப் போறேன், டீவி பாக்கவா?" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்த மறுநாளே அத்தை ஃபோன். "அம்மா இளைச்சுட்டாளா?" இரண்டு கிலோ கூடியிருக்கிறார் என்றேன். அத்தைக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த தடவைக்கான லிஸ்டை அம்மா கையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். காய்ந்த கறிவேப்பிலை, வடகம், இட்லித் துணி இரண்டு. இரண்டு எதற்கு என்று கேட்டேன். ஒன்று கீழ்வீட்டு ஆயிக்காம்.