டிக் லெபோவும் அந்த 12-33 கணக்கும்

போன வாரம் ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையின்போது பேச்சு அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் பக்கம் திரும்பியது. நான் டிக் லெபோ பெயரைச் சொன்னேன். எதிரே இருந்தவர் உடனே, “அவரா? ஹெட் கோச்சா ஒண்ணும் சாதிக்கலையே” என்றார். தலைமைப் பயிற்சியாளராக 12 வெற்றி, 33 தோல்வி. கணக்கு சரிதான். ஆனால் அன்று மீதி நேரம் எனக்கு வேலையில் மனசு ஒட்டவில்லை. ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் 59 சீசன் ஒரே லீகில் இருந்த மனிதர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்த 45 ஆட்டங்கள்தானா? அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் கொலம்பஸிலிருந்து மேற்கே காரில் அரை மணி நேரம் போனால் லண்டன் என்று ஒரு சின்ன ஊர் வரும். ஒஹாயோ மாநிலத்து லண்டன். லெபோ 1937இல் பிறந்தது அங்கேதான். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் வுடி ஹேய்ஸிடம் ஆடி, 1957இல் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 1959இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்து, சீசன் தொடங்கும் முன்பே வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் 14 சீசன் அவர் வேறெங்கும் போகவில்லை.

அவர் ஆடிய இடம் கார்னர்பேக். இந்த ஆட்டம் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவருக்கு, தான் எங்கே திரும்பப் போகிறோம் என்று தெரியும். அவரைக் காக்கிற கார்னர்பேக்குக்குத் தெரியாது. அவர் பின்பக்கமாக ஓடிக்கொண்டே எதிராளியின் இடுப்பையும், பந்தை எறிகிற குவாட்டர்பேக்கின் கண்ணையும் மாறி மாறிப் பார்த்து, அரை விநாடியில் முடிவெடுக்க வேண்டும். தப்பினால் மைதானம் முழுக்க அவரைத்தான் பார்க்கும், பின்னால் காப்பாற்ற ஆள் இருப்பது அபூர்வம். அந்த இடத்தில் நின்று லெபோ 62 பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். தொடர்ந்து 171 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல். 1972இல் அவர் ஓய்வு பெற்றபோது என்எஃப்எல் வரலாற்றிலேயே அவரைவிட அதிகம் பிடித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் டெட்ராய்டில் அவரோடு சேர்ந்து ஆடிய ‘நைட் டிரெய்ன்’ லேன். 1962 நன்றி நவிலல் நாளில், அந்த சீசன் முழுக்கத் தோல்வியே காணாமல் வந்த கிரீன் பே பேக்கர்ஸை இந்த லயன்ஸ் தடுப்பணி 26-14 என்று சாய்த்தது. பேக்கர்ஸ் அந்த ஆண்டு தோற்ற ஒரே ஆட்டம் அதுதான்.

ஆடுவதை நிறுத்திய மறுவருடமே, 1973இல், பிலடெல்ஃபியாவில் பயிற்சியாளர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அப்புறம் கிரீன் பே. 1980இல் சின்சினாட்டி பெங்கால்ஸ். அங்கே அவர் கையில் கிடைத்த கார்னர்பேக் கென் ரைலி. ரைலி ஓய்வு பெறும்போது பிடித்திருந்த பந்துகள் 65. தன்னுடைய 62ஐத் தாண்டிப்போனவருக்கு லெபோவே பயிற்சியாளர். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

சின்சினாட்டியில்தான் அவருடைய பெரிய காரியம் நடந்தது. எண்பதுகளில் பயிற்சியாளர் பில் வால்ஷின் சான் ஃபிரான்சிஸ்கோ அணி புதுமாதிரி ஆடத் தொடங்கியது. சின்னச் சின்ன பாஸ், சட் சட்டென்று. குவாட்டர்பேக்கை மடக்க நீங்கள் கூடுதலாக ஓர் ஆளை அனுப்பினால், அவர் விட்டு வந்த காலி இடத்துக்கே பந்து போய்விடும். அனுப்பாவிட்டாலோ அவர் நிதானமாக ஆள் பார்த்து எறிவார். இரண்டு பக்கமும் இடி. லெபோ அப்போது லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராக இருந்த பில் ஆர்ன்ஸ்பார்கரைப் போய்ப் பார்த்தார். ஆர்ன்ஸ்பார்கர் பேச்சில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது: ஆபத்தில்லாத நெருக்கடி. குவாட்டர்பேக்கை நெருக்க வேண்டும், ஆனால் பின்னால் ஓட்டை விழக் கூடாது. லெபோ அதைப் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸோன் பிளிட்ஸ். சொல்லப்போனால் கிரிக்கெட்டின் கூக்ளி மாதிரி. கை லெக் ஸ்பின் என்று சொல்லும், பந்து எதிர்ப்பக்கம் திரும்பும். இங்கே, முன்வரிசையில் குனிந்து நிற்கும் 130 கிலோ ஆள் பாய்ந்து வருவார் என்று எல்லோரும் நினைப்பார்கள். பந்து நகர்ந்ததும் அவர் நாலு அடி பின்வாங்கி நின்றுகொள்வார். அவருக்குப் பதிலாக வேறெங்கிருந்தோ, பின்வரிசையிலிருந்து ஒருவர் பாய்வார். குவாட்டர்பேக் ஆள் பாய்ந்து வந்த பக்கம் காலியாக இருக்கும் என்று நம்பி அவசரமாக எறிவார். அங்கே அந்த 130 கிலோ ஆள் பந்துக்காகக் காத்துக்கொண்டிருப்பார். பாய்கிறவர்கள் மொத்தம் ஐந்து பேர்தான் இருப்பார்கள், மீதி ஆறு பேர் பின்னால் இடம் பிரித்துக் காப்பார்கள். யார் அந்த ஐந்து பேர் என்பதுதான் குவாட்டர்பேக்குக்குத் தெரியாது. என் கருத்தில் இதை ஒரு கார்னர்பேக்தான் யோசித்திருக்க முடியும். 14 வருடம் பின்பக்கமாக ஓடிக்கொண்டே குவாட்டர்பேக்கின் கண்ணைப் பார்த்தவருக்குத்தானே அந்தக் கண் எதை நம்பும் என்று தெரியும்?

1989 ஜனவரி, மயாமி. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பெங்கால்ஸுக்கு எதிரே அதே சான் ஃபிரான்சிஸ்கோ. தடுப்புக்குப் பொறுப்பு லெபோ. கடைசிக் கால் பகுதியில் பெங்கால்ஸ் 13-6 என்று முன்னால் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ குவாட்டர்பேக் ஜோ மான்டானா எறிந்த பந்து, மைதானத்தின் கோடிப் பகுதியான என்ட் ஸோனில் பெங்கால்ஸ் கார்னர்பேக் லூயிஸ் பில்லப்ஸ் கைக்கே வந்தது. நழுவிவிட்டது. அடுத்த எறியிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜெரி ரைஸ் பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துவிட்டார், டச்டவுன். ஆட்டம் முடிய 34 விநாடி இருக்கும்போது, 92 யார்டு முன்னேறி வந்து மான்டானா இன்னொரு டச்டவுன் போட்டார். 20-16. அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பில்லப்ஸைவிட லெபோவைத்தான் நினைக்கத் தோன்றும். 62 தடவை அப்படி வந்த பந்தைப் பிடித்தவர் கோட்டுக்கு வெளியே நின்று, தான் பயிற்சி கொடுத்த பையன் கையிலிருந்து அது நழுவுவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

நடுவில் பிட்ஸ்பர்க் போய்வந்தார், அங்கேயும் ஒரு சூப்பர் பவுல் தோல்வி. திரும்ப சின்சினாட்டி வந்தபோது, 2000 சீசனில் மூன்று ஆட்டம் முடிந்த நிலையில் தலைமைப் பயிற்சியாளர் விலக, பொறுப்பு லெபோ தலையில் விழுந்தது. 12-33 என்கிறீர்களே, அது எந்த அணி? 1991 தொடங்கி 2004 வரை ஒரு சீசன்கூட வெற்றிக் கணக்கில் முடிக்காத அணி. அவருக்கு முன்னால் வந்தவர்களும் அங்கே தேறவில்லை. அதற்காக அவர் நல்ல தலைமைப் பயிற்சியாளர் என்று நான் வாதாட வரவில்லை. அந்த வேலை அவருக்குப் பொருந்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தலைமைப் பதவிதான் உச்சி, அதில் நிற்காதவர் பாதி வழியில் விழுந்தவர் என்கிற எண்ணம் இருக்கிறதே, அதில்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் இதை நேரில் கண்டேன். எந்தப் பிழையையும் வாசனையிலேயே பிடித்துவிடும் ஒரு அண்ணன் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரிடம் தொழில் கற்றவர்கள். மேனேஜர் ஆக்கினார்கள். அந்த வேலை அவருக்குச் சரிப்படவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் பழைய வேலையையே கேட்டபோது, பதவி இறங்கிப் போகிறார் என்று பேசினார்கள். அவர் கடைசியில் வேலையை விட்டே போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

லெபோ போகவில்லை. 2002 முடிவில் சின்சினாட்டி அவரை நீக்கியபோது வயது 65. ஊருக்குப் போய் கோல்ஃப் ஆடியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2003இல் பஃபலோவுக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனார். 2004இல் மறுபடி பிட்ஸ்பர்க், தடுப்புப் பயிற்சியாளராக. அவர் வாழ்க்கையின் மிக நல்ல பதினோரு வருடம் அங்கே தொடங்கியது. பின்வரிசைத் தடுப்பாளர் ட்ராய் பொலமாலு எங்கே நிற்பார், எங்கே போவார் என்று எந்தக் குவாட்டர்பேக்குக்கும் பிடிபடாத காலம் அது. முதல் சூப்பர் பவுல் வெற்றி 2006 பிப்ரவரியில் வந்தது. ஆட்டக்காரராக 14 சீசன், பயிற்சியாளராக 33 சீசன் கழிந்த பிறகு. 2008இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 13.9 புள்ளிதான் விட்டுக்கொடுத்தார்கள். லீகிலேயே அதுதான் குறைவு.

அந்த சீசனின் சூப்பர் பவுல், 2009 பிப்ரவரி 1, டாம்பா. மயாமித் தோல்விக்கு 20 வருடம் கழித்து. முதல் பாதி முடிய சில விநாடிகள்தான். பிட்ஸ்பர்க் 10-7 முன்னால், ஆனால் எதிரணியான அரிசோனா, பிட்ஸ்பர்க்கின் கோட்டுக்கு ஓரிரு யார்டு தூரத்தில் நிற்கிறது. ஜேம்ஸ் ஹாரிசன், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளர்), அந்த முறை குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய வேண்டும். திட்டம் அதுதான். அவர் பாய்வது போல ஓர் அடி வைத்தார், பாயவில்லை. பின்வாங்கி, அரிசோனா குவாட்டர்பேக் கர்ட் வார்னர் எறியப்போகும் இடத்தில் போய் நின்றார். வார்னர் அவரைப் பார்க்கவே இல்லை. பந்து நேராக ஹாரிசன் மார்புக்கு வந்தது. அங்கிருந்து 100 யார்டு. வலது ஓரமாக, தன் ஆட்கள் முன்னால் விழுந்து விழுந்து வழி விட, கடிகாரம் பூஜ்யமான பிறகும் ஓடி, அந்தப் பக்கக் கோட்டில் போய் விழுந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு எழவே முடியாமல் கிடந்தார். கடைசிக் கணக்கு 27-23.

ஹாரிசன் தனக்குச் சொன்னதைச் செய்யவில்லை. ஆனால் பாய்வது போல நின்று பின்வாங்குவது என்பது இருபது வருடத்துக்கும் மேலாக லெபோ சொல்லிக்கொடுத்ததுதானே. ஒரு பயிற்சியாளருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆட்கள் அவர்மேல் வைத்திருந்த பிரியம் சும்மா வந்ததில்லை. வருடா வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் ஒரு நீளமான பழைய பாட்டை, காகிதம் பாராமல், முழுக்க மனப்பாடமாகச் சொல்வார். அந்தப் பெரிய உடம்புக்காரர்கள் எல்லோரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள். 2007இல் கேன்டனில், லீகின் சாதனையாளர்களுக்குச் சிலை வைக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மண்டபம் இருக்கிற ஊரில், ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டத்துக்குப் போனபோது, லெபோ டெட்ராய்டில் போட்டிருந்த 44ஆம் எண் ஜெர்சியை அவர்கள் அணிந்து வந்தார்கள். இவரை இன்னும் ஏன் உள்ளே எடுக்கவில்லை என்று அந்த மண்டபத்தின் வாசலிலேயே கேட்ட மாதிரி. 2010இல் எடுத்தார்கள். தகுதி வந்து 32 வருடம் கழித்து. அன்று பிட்ஸ்பர்க் அணி பயிற்சி முகாமிலிருந்து வந்து கூட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

அதிலும் எனக்கு ஒரு குறை. அவரை எடுத்தது ஆட்டக்காரர் என்ற கணக்கில். அந்த 62 பந்துகளுக்காக. அவை பெரியவைதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று எந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் போட்டாலும், முன்வரிசை ஆள் பின்வாங்கி நிற்பதை ஒரு தடவையாவது பார்க்கலாம். அதற்காக அவரை அங்கே வைக்கவில்லை. துணைப் பயிற்சியாளராகச் செய்த வேலைக்காக மட்டும் இதுவரை யாரையும் உள்ளே சேர்த்ததில்லை. எழுபதுகளில் பிட்ஸ்பர்க்கின் ‘எஃகுத் திரை’த் தடுப்பை வடிவமைத்த பட் கார்சன் அங்கே இல்லை. 1985 சிகாகோ பேர்ஸ் தடுப்பை உருவாக்கிய பட்டி ரயன் இல்லை. தலைமைப் பயிற்சியாளர்களுக்கு அங்கே வெண்கலச் சிலை வரிசையாக இருக்கிறது. அவர்களுக்காக இரவெல்லாம் விழித்து ஃபிலிம் பார்த்து, பலகையில் கோடு போட்டவர்களுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். தனிப் பிரிவாகவே ஒதுக்கட்டும், வருடத்துக்கு ஒருவரை எடுக்கட்டும்.

முதலில் யாரை எடுப்பது என்று கேட்டால் நான் ஒரு பெயர் சொல்வேன். 1972இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத மயாமி டால்ஃபின்ஸின் தடுப்புப் பயிற்சியாளர். அதன் பிறகு லூயிசியானாவில், தன்னைத் தேடி வந்த ஒரு முன்னாள் கார்னர்பேக்கிடம் ஆபத்தில்லாத நெருக்கடி பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னவர். பில் ஆர்ன்ஸ்பார்கருக்கு கேன்டனில் இன்னும் சிலை இல்லை.