முதலில் தேதியைப் பாருங்கள்

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை அருகே, தாய் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ரசாயன நெடியைச் சுவாசித்ததால்தான் குழந்தை உதடு பிளந்து பிறந்தது என்கிறது ஒரு கட்டுரை. தேதி ஒத்துவரவில்லையே! கருத்தரித்த 6, 7 வாரத்துக்குள் மேலுதடு கூடிவிடும். கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையில் எழுதுகிற வாரமோ கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணுவது. கருத்தரித்த கணக்குக்கு அதில் 2 வாரம் கழிக்க வேண்டும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். முதல் ஸ்கேன் அறிக்கையோடு ஒப்பிடுங்கள்.

அதற்காக ஆலையை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்த ஆரம்ப வாரங்களில் எது கசிந்தது, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பென்சீன், டொலுவீன் போன்ற ஆவியாகும் ரசாயனங்கள் எல்லாம் சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். இப்போது குழந்தையின் ரத்தத்தில் தேடிப் பயனில்லை. அன்றைய காற்று மாதிரிப் பதிவுதான் சாட்சி.

வலிப்பு மாத்திரை, சர்க்கரை நோய், சொந்தத்தில் கல்யாணம் பற்றி மருத்துவர் விசாரித்தால், தாய்மீது பழி போடுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை காரணமில்லை என்று தெரிந்தால்தான் ஆலைமீதான வாதம் எடுபடும்.