குறைந்த உயரம் என்றால் இலகுவான மலை அல்ல

தம்பி, "கே-2 எவரெஸ்ட்டை விட 238 மீற்றர் குறைவு, அதனால் ஏறுவது இலகு" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். உயரக் கணக்கு சரி: எவரெஸ்ட் 8,849 மீற்றர், உலகின் இரண்டாவது உயரமான மலையான கே-2இன் உயரம் 8,611 மீற்றர். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

எவரெஸ்ட்டின் வழமையான பாதையை விட கே-2 செங்குத்தானது, ஏறக்குறைய அடியிலிருந்து உச்சி வரை. ஏறத்தாழ 8,200 மீற்றரில் 'பொட்டில்நெக்' என்ற ஒடுங்கிய பனிச்சரிவு இருக்கிறது. அதற்கு நேர் மேலே பாரிய பனிக்கட்டிச் சுவர் தொங்குகிறது. அது எப்போது உடையும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2008 ஓகஸ்டில் அது உடைந்து, கட்டியிருந்த கயிறுகளையும் அறுத்துக்கொண்டு போனது. அந்த ஏற்றத்தில் 11 பேர் இறந்தார்கள். எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வழமையான பாதையில் அதன் கீழால்தான் போய்வர வேண்டும், எனக்கு அதுதான் மிகப் பயங்கரமாகத் தெரிகிறது.

அப்புறம், குளிர்காலத்தில் எவரெஸ்ட் 1980இலேயே ஏறப்பட்டுவிட்டது. கே-2இல் அது நடந்தது 2021 ஜனவரி 16இல், பத்து நேபாளியர்களால்.

யாழ்ப்பாணத்தில் மலையே இல்லாமல் வளரும் எங்கட பிள்ளைகள் உயரத்தை மட்டும் பார்த்து மலையை எடைபோடுவது இயல்பு. மலையேற்றம் பழக ஆசைப்படுபவர்களும் இதை வாசிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.