ஐந்து வாரத்தைப் பத்து நிமிடத்திலா?

பிரிட்டனில் நலத்திட்ட வெட்டுகளால் அடிபட்டவர்களின் வாழ்க்கையை விஆர் (மெய்நிகர் காட்சி) கருவியைக் கண்ணில் மாட்டிக் காட்டும் கண்காட்சிகளை ஒரு கட்டுரை பாராட்டுகிறது. எனக்கு அரை மனசுதான். யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் அந்நாட்டு அரசு தரும் உதவித்தொகை) கேட்டால் முதல் பணம் வர ஐந்து வாரம். நடுவில் தரும் முன்பணமும் கடன்தான். பிறகு மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். இதைப் பத்து நிமிட விஆர் காட்சியில் எப்படி உணர்த்துவது? அழும் குழந்தை, சோக இசை என்று போனால், பார்ப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

2013-இல் வந்த ‘படுக்கையறை வரி’யை எடுங்கள். சமூகக் குடியிருப்பில் (குறைந்த வாடகைப் பொது வீடுகளில்) படுக்கையறை ஒன்று கூடுதல் என்றால் வாடகையில் 14 சதவீத அளவுக்கு அரசின் வாடகை உதவி குறைந்தது, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 25 சதவீதம். மாற்றுத்திறனாளிகளின் கருவிகள் வைத்த அறையும் ‘கூடுதல்’ கணக்கில் சேர்ந்தது. பார்ப்பவரை அந்த அறையில் நிற்கவைத்து வெட்டுக் கடிதத்தைக் கண்முன் காட்டினால் போதும், இசையே வேண்டாம். (முதல் காட்சிக்கு அந்நாட்டு எம்.பி.க்களைக் கூப்பிடுவார்களா?)