துளசித் தொட்டியும் 17-வது மாடியும்

நேற்று மாலை அம்மாவின் துளசித் தொட்டியை வெளிச்சுவரிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். அம்மாவுக்குக் கோபம். "இத்தன வருஷமா அங்கதானே இருக்கு, விழுந்துச்சா?" என்றார். தொட்டியைத் தாங்கியிருந்த கம்பி வளையத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். துரு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓர் இடத்தில் கம்பி நூல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அப்புறம் அம்மா பேசவில்லை.

எங்கள் வீடு 17-வது மாடியில். நேர் கீழே லிப்டுக்குப் போகும் வழி. சுமார் 50 மீட்டர் உயரம். அங்கிருந்து தவறும் மண்தொட்டி மூன்று வினாடி சொச்சத்தில் தரையைத் தொடும், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில். மலேசிய நெடுஞ்சாலையில் காருக்கே 110தான் உச்சம். "மேலே பார்த்து நடங்க" என்கிறார்கள். பால் பாக்கெட்டோடு பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போகிறவள் எதைப் பார்ப்பாள்?

2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில், பி.பி.ஆர் எனும் அரசாங்க மலிவு வீட்டு அடுக்குமாடியில் நம் பையன் ஒருவன், 15 வயது, அம்மாவோடு வீடு திரும்பும்போது மேலிருந்து வந்த நாற்காலி தாக்கி இறந்தான். அலுவலகத்தில் போடும், காலில் சக்கரம் வைத்த நாற்காலி. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

எறிந்தவரைத் தண்டிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த மாதிரி நாற்காலி எப்படி மாடி விளிம்புக்கு வருகிறது என்றும் கேட்க வேண்டும். எங்கள் புளோக்கில் லிப்ட் பாதி நாள் ஓடாது. பழைய மெத்தை, உடைந்த அலமாரியைப் போட இடமில்லை, எடுத்துப் போக லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. படிக்கட்டு மூலையில் கிடக்கும். பையன்கள் ஏறி விளையாடுவார்கள். ஒருநாள் அது அங்கே இருக்காது. இது எறிந்தவருக்கு நான் சொல்லும் சாக்கு இல்லை. எறிவதற்கு முந்தைய கதை.

என்னைக் கேட்டால் முதலில் கூரை. லிப்ட் வாசலிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை, விழும் பொருளைத் தாங்கும் கெட்டியான கூரை. வெயிலுக்குப் போடும் தகரம் போதாது. அடுத்து, மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, பெரிய சாமான்களை எடுக்க லாரி. கேமராவும் வேண்டும்தான், ஆனால் அது மோட்டார் சைக்கிளைப் பார்க்காமல் மாடிகளை அண்ணாந்து பார்க்கட்டும்.

நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை சும்மா இருக்க முடியாது. ஞாயிறு காலை பசியாறிவிட்டு நானும் தம்பியும் எங்கள் மாடியில் வீடு வீடாகப் போகிறோம். சுவரில் தொட்டி வைத்திருக்கும் அக்கா, ஆயாக்கள் சொன்னால் நாங்களே இறக்கி வைப்போம். கீழே கொண்டுபோக முடியாத சாமான் இருந்தாலும் சொல்லுங்கள். லிப்ட் ஓடாவிட்டால் படிக்கட்டில் தூக்குவோம்.