மூடாத தொட்டியும் பகல் கொசுவும்

ஐப்பசி பிறந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மழை பிடிக்காமல் இல்லை. மழையோடு வீட்டுக்குள் வருகிறவைதான் தொல்லை.

முதல் மழை விட்ட சாயங்காலம் ஈசல். டியூப்லைட்டைச் சுற்றி அரை மணி நேரம் ஆடிவிட்டு, தரையெல்லாம் இறக்கையை உதிர்த்துவிடும். பெருக்கினால் பறக்கிறது, துடைத்தால் ஒட்டிக்கொள்கிறது. சரி, விளக்கை அணைத்தால் குறையும். குளியலறைச் சுவரில் ஏறும் மரவட்டையையும் பொறுத்துக்கொள்வேன். அது கடிப்பதில்லை.

பொறுக்க முடியாதது பகலில் கடிக்கிற கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர் போதும். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஒரு கொட்டாங்கச்சி, எதிலும் முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்தான். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெறுமனே கவிழ்த்தால் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாரம் தவறாமல் நான் கழுவுகிறேன்.

ஆனால் பக்கத்து மனையில் பாதியில் நிற்கும் கட்டடத்தின் தொட்டி மூடியில்லாமல் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால் புழு நெளிகிறது. கட்டடக்காரர்களிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். "பார்க்கலாம்" என்கிறார்கள். போன வருஷம் என் மகளுக்கு டெங்கு வந்து, தினமும் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து ஐந்து ராத்திரி நாங்கள் தூங்கவில்லை. அந்தத் தொட்டிக்கு ஒரு தகர மூடி போட இவர்களுக்கு என்ன கஷ்டம்?